சிறுமலை சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

செந்தில்: அப்பாவோட ரைபிள் கைக்கு வந்துருச்சு. லைசென்ஸும் என் பேருக்கு மாறிருச்சு. ஞாயித்துக்கிழமை தெவசம் முடிஞ்சதும் தோட்டத்துல அப்பா நினைவா ஒரு ரவுண்டு சுடலாம் 🙏

[படம்]

மீனா அத்தை: பளபளன்னு இருக்கே

பிரபு அண்ணன்: லைசென்ஸ் எப்ப மாறுச்சு?

செந்தில்: நீங்கதானண்ணே ஆட்சேபனை இல்லன்னு கையெழுத்து போட்டீங்க

பிரபு அண்ணன்: அது பம்புசெட்டு கனெக்சனுக்குன்னு சொன்ன

கவிதா: 😂😂

செந்தில்: அப்பா போனதுலருந்து துப்பாக்கி டீலர்கிட்டதான் டெபாசிட்ல இருந்துச்சு. தோட்டாவுக்குப் பின்னாடி மூடுற போல்ட் துருப்புடிச்சிருச்சுன்னு அவரே வேற போட்டுக் குடுத்துட்டாரு. இப்ப லேசா மூடுது

ராஜேந்திரன் சித்தப்பா: வேற போல்ட்டா? எதுலருந்து எடுத்தது?

செந்தில்: தெரியல சித்தப்பா. அதுவும் 315 ரைபிளோடதுதான்

சுப்பு மாமா: இனிய காலை வணக்கம் 🌹 உழைப்பே உயர்வு

ராஜேந்திரன் சித்தப்பா: செந்திலு, தோட்டாவை அதுல போடாத. லேசா மூடுறதுதான் எனக்கு பயமே. 315 ரைபிள், பழைய மிலிட்டரி 303 ரைபிள் லீ என்ஃபீல்டு மாதிரி. தோட்டாவோட அடியில ரிம் இருக்கும்ல, அது பேரலோட பின்பக்க வாயில போய் உக்காரும். பின்னாடி போல்ட் முகம் நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடந்தான் ஹெட்ஸ்பேஸ். 303க்கு மிலிட்டரி கணக்கு: 64 தௌ கேஜ் (அளவு பாக்குற துண்டு, இது கோ கேஜ்) போட்டா போல்ட் மூடணும், 74 தௌ கேஜ் (இது நோ கோ) போட்டா மூடக்கூடாது. தௌங்கிறது இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆக மொத்தம் கால் மில்லிமீட்டர்தான் விளையாட்டு. அந்தந்த ரைபிளுக்குன்னு உரசிப் பொருத்துன போல்ட்டை இன்னொண்ணுல மாட்டுனா இந்தக் கணக்கு கெட்டுப்போகும்

கவிதா: சித்தப்பா ஓஎஃப்டி (திருச்சி துப்பாக்கி பேக்டரி) டூட்டில ஏறிட்டாரு

மீனா அத்தை: குக்கர் மூடிய மாத்துன மாதிரியா அண்ணே

ராஜேந்திரன் சித்தப்பா: கிட்டத்தட்ட. ஆனா இது மூஞ்சிக்கிட்ட வெடிக்கும்

பிரபு அண்ணன்: ஞாயிறு வேன் யாரு சொல்றது?

மீனா அத்தை: மொதல்ல சமையல். தெவசத்துக்கு கறி கூடாதுன்னு போன வாட்டியே சொன்னேன்

சுப்பு மாமா: மறுநாள் கறி வச்சுக்கலாம்

செந்தில்: சித்தப்பா, தோட்டாவோட பித்தளை கேஸ் பின்னாடி செல்லோ டேப் ஒட்டிப் பாத்தா போதும்னு யூடியூப்ல சொல்றான்

ராஜேந்திரன் சித்தப்பா: டேப் நசுங்கும்டா. கேஜ்னா இரும்பு. போல்ட்லருந்து எக்ஸ்ட்ராக்டரை (கேஸை இழுக்குற கொக்கி) கழட்டிட்டு, தோட்டா உக்கார்ற சேம்பரையும் போல்ட் முகத்தையும் துடைச்சிட்டு, ஒரு விரலால தள்ளணும். கோ கேஜுக்கு தானா மூடணும், நோ கோவுக்கு நிக்கணும். அழுத்தி மூடுனா எந்த கேஜும் பாஸ்தான். 303 கேஜும் இதுக்கு ஆகாது, 315க்கு ரிம் வேற.

கவிதா: 🥱

ராஜேந்திரன் சித்தப்பா: இடம் கூடுனா வெடிக்கிறப்ப கேஸோட சுவர் சேம்பர்ல ஒட்டிக்கும், அடிப்பாகம் மட்டும் பின்னாடி நகரும். நடுவுல பித்தளை இழுபட்டு மெலிஞ்சு வட்டமா அறுந்துரும். சுட்ட பழைய கேஸ்ல அடிக்குக் கொஞ்சம் மேல பளிச்சுனு ஒரு வளையம் தெரியும். அது தெரிஞ்சா அடுத்தது சுடக்கூடாது

வள்ளி பெரியம்மா: [குரல் பதிவு 0:09]

கவிதா: பெரியம்மா "அந்த சனியன வீட்டுக்குள்ள கொண்டாராத"ங்கிறாங்க

செந்தில்: அம்மா 🙄

ராஜேந்திரன் சித்தப்பா: போல்ட் கைப்பிடிக்குப் பின்னாடி நம்பர் அடிச்சிருக்கும். பாடியிலயும் இருக்கும். ரெண்டையும் போட்டோ எடுத்துப் போடு

செந்தில்: [படம்]
[படம்]

செந்தில்: ரெண்டும் வேற வேற

ராஜேந்திரன் சித்தப்பா: பாத்தியா

பிரபு அண்ணன்: அப்பாவோட போல்ட் எங்க? அதைக் குடுத்தாரா?

செந்தில்: கேக்கலண்ணே

பிரபு அண்ணன்: அப்ப அப்பா துப்பாக்கியில பாதி டீலர் வீட்டுல. இங்க எல்லாமே இப்படித்தான் பங்கு பிரியுது

மீனா அத்தை: பிரபு, வேண்டாம்

[பிரபு அண்ணன் இந்தச் செய்தியை நீக்கினார்]

சுப்பு மாமா: நம்பர் ஒத்து வந்துட்டா சுடலாமா

ராஜேந்திரன் சித்தப்பா: மாப்ள, நம்பர் ஒத்து வந்தாலும் அளந்து பாக்கணும். சுடுறது வேற விசயம். சும்மா கொண்டாட்டத்துக்கு சுட்டு அது யாருக்காவது ஆபத்துன்னு ஆனா 2 வருசம் வரை ஜெயில், இல்ல லட்சம் ரூவா வரை அபராதம், இல்ல ரெண்டும். 2019 திருத்தத்துல வந்துருச்சு

மீனா அத்தை: பக்கத்துலயே காடு வேற. பன்னிய சுட்டான்னு பாரஸ்ட்காரன் வந்து நிப்பான்

செந்தில்: பன்னி எல்லாம் இல்லத்த, வானத்துலதான்

கவிதா: அதத்தான் சித்தப்பா சொல்றாரு

செந்தில்: சரி. மதுரைக்குக் கொண்டுபோய் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்கிட்ட குடுக்குறேன். சித்தப்பா நீங்களும் வர்றீங்களா

ராஜேந்திரன் சித்தப்பா: முட்டி வலி. பாப்போம். போறப்ப லைசென்ஸ் புக்கை எடுத்துக்க. அதுக்கு முன்ன பழைய போல்ட்டைக் கேட்டு வாங்கு, அதையும் மொதல்ல கேஜ் போட்டுப் பாக்கணும்

பிரபு அண்ணன்: டீலர்கிட்ட நான் பேசுறேன்

செந்தில்: அண்ணே நான் பேசிக்கிறேன்

பிரபு அண்ணன்: நீ பேசுனதுதான் தெரியுமே

சுப்பு மாமா: [வீடியோ] முட்டி வலிக்கு முடக்கத்தான் தோசை 👆

மீனா அத்தை: அந்தத் துப்பாக்கி ஞாயித்துக்கிழமை திண்டுக்கல்லயே பூட்டிக் கெடக்கட்டும். இப்ப இலைக்கு எத்தன பேர்னு யாராச்சும் சொல்லுங்க

கவிதா: நாங்க நாலு

பிரபு அண்ணன்: வேன்?