மறு: நீச்சல்குள ஹீட் பம்ப் கையேடு – ‘செயல்திறன்’ வேண்டாம், ‘வெப்ப மடங்கு’

> ஹீட் பம்புக்கு ‘வெப்ப எக்கி’ என்று முடிவாகிவிட்டது. சி.ஓ.பி.க்கு ‘செயல்திறன்’ போதாதா? வாங்குகிறவருக்கு எளிதில் புரியுமே.

வணக்கம் ஐயா. ‘வெப்ப எக்கி’ பொருத்தமான சொல். காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குள் ஏற்றுகிற எந்திரம்தான் அது. ‘செயல்திறன்’தான் இடிக்கிறது. செயல்திறன் நூறு விழுக்காட்டைத் தாண்டாது என்று பள்ளியில் படித்தவர், பட்டியலில் 5 என்று பார்த்தால் குழம்பிப்போவார். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் எத்தனை யூனிட் வெப்பம் குளத்தில் சேரும் என்பதே சி.ஓ.பி. என்ற அந்த எண். ‘வெப்ப மடங்கு’ என்றால் சொல்லிலேயே விளங்கிவிடும்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் நீர் பிடிக்கும். அதை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 56 யூனிட் வெப்பம் வேண்டும். வெப்ப மடங்கு 5 என்றால் மீட்டரில் ஓடுவது 11 யூனிட் சொச்சம்; காயில் ஹீட்டரில் 56-ம் ஓடும். இரவில் குளத்தை மூடி வைக்காவிட்டால், ஏற்றிய வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாதலிலேயே போய்விடும்.

ஆனால் வெறும் மடங்கை மட்டும் அச்சிடக் கூடாது. விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் காற்று 26, நீர் 26 டிகிரியில் எடுத்த அளவு. காற்று 15 டிகிரியில் அது கணிசமாக இறங்கும். உறைபனி விழும் ஊட்டி இரவில், காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பாகமான ஆவியாக்கியின் தகடுகளில் பனி படியும். அதை உருக்கும் நேரத்தில் குளத்துக்கு வெப்பமே போகாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையில் இன்னொரு சங்கதி: குறைந்த வேகத்தில்தான் மடங்கு உச்சத்தில் இருக்கும். எனவே அட்டவணைத் தலைப்பு ‘வெப்ப மடங்கு: காற்று 15, நீர் 26, முழுவேகம்’ என்றே இருக்கட்டும்.

வரைவில் உடனே திருத்த வேண்டிய பிழை ஒன்று. வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும் பாகமான கண்டென்சருக்கு ‘மின்தேக்கி’ என்று வந்திருக்கிறது. அது மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர், இதே எந்திரத்தில் அதுவும் தனியாக இருக்கலாம். உதிரிப்பாகம் கேட்பவருக்கு வேறு பொருள் போய்ச் சேரும். ‘ஒடுக்கி’ என்று மாற்றுங்கள். குளோரின் கலந்த நீர் அதன் வழியே ஓடுவதால் ‘டைட்டானியம் ஒடுக்கி’ என்று உலோகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், செம்பு என்றால் அரித்துப்போகும். நீரில் குளோரின் சேர்க்கும் ஊட்டி, நீர் ஓடும் வழியில் எப்போதும் எந்திரத்துக்குப் பிறகே வர வேண்டும்.

எந்திரத்தின் அடியில் சொட்டும் நீரை எல்லா இடத்திலும் ‘கசிவு’ என்று எழுதியது சரியல்ல. பெரும்பாலும் அது ஆவியாக்கியில் படியும் ஈரம். ‘வேர்வை நீர்’ என்று பிரித்துச் சொல்லலாம். எந்திரத்தை நிறுத்திவிட்டு நீர் பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கவும். சிறிது நேரத்தில் சொட்டு நின்றால் வேர்வை. நிற்காமல், சோதனைத் தாளில் குளோரினும் காட்டினால் கசிவு.

> குளிர்பதனப் பெட்டிக்கும் இதே சொல் ஓடுமா?

அங்கே ‘குளிர் மடங்கு’: ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பெட்டிக்குள்ளிருந்து எத்தனை யூனிட் வெப்பம் வெளியேறும் என்ற எண். ஒரே எந்திரத்தை ஒரே நிலையில் ஓட்டினால், இழப்பு நீங்கலாக, வெப்ப மடங்கு அதைவிட 1 கூடுதலாக இருக்கும். கம்ப்ரெஸருக்குக் கொடுத்த மின்சாரமும் வெப்பமாகி ஒடுக்கியில்தான் வந்து சேர்கிறது.