உயிலில் வந்த புத்தகங்களும் 15 லட்சமும்: கல்லூரி நூலகத்தில் நினைவு அறை அமைக்க யோசனை தேவை

மன்னைப்பக்கம்_நூலகம்:
வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரியின் நூலகம் எங்களுடையது. இங்கே தமிழ்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் காலமாகிவிட்டார். "என் புத்தகங்கள் முழுவதும், வங்கி வைப்பில் உள்ள 15 லட்சமும் கல்லூரி நூலகத்துக்குச் சேர வேண்டும், என் பெயரில் ஓர் அறை இருக்க வேண்டும்" என்று பதிவு செய்த உயில் இருக்கிறது. உயிலை நடத்தி வைக்கும் நிறைவேற்றுநர் அவருடைய தங்கை மகன். வைப்புக்கு நாமினி வெளிமாநிலத்தில் இருக்கும் மகள். இருவருக்கும் இதில் சம்மதம்தான்.

புத்தகம் சுமார் 3,200. கூடவே நாலு கட்டு ஏட்டுச்சுவடி, கடிதங்கள், நாட்குறிப்புகள். முதல் மாடியில் 20க்கு 24 அடி வகுப்பறை ஒன்றை நிர்வாகம் ஒதுக்கியிருக்கிறது. பணத்தை யார் பெயரில் வாங்குவது? எல்லாப் புத்தகத்தையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? மாடி அறை தாங்குமா? ஐப்பசி மழைக்கு முன் கொண்டுவந்துவிடலாமா?

கும்பகோணம்_வக்கீல்:
முதலில் பணம். "கல்லூரி நூலகம்" என்ற பெயரில் சட்டப்படி ஆளே கிடையாது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கம் பத்திரப் பதிவில் என்ன பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் பணம் வர வேண்டும். முதல்வர் பெயருக்கோ நூலகர் பெயருக்கோ காசோலை வாங்காதீர்கள். நிறைவேற்றுநரிடமிருந்து ஒரு கடிதம் கேளுங்கள்: "உயிலில் கல்லூரி நூலகம் என்று குறித்திருப்பது இன்ன அறக்கட்டளையையே, தொகை நூலகப் பயனுக்கு மட்டும்." இந்த இரண்டு வரி இல்லாமல் போனால், அடுத்த நிர்வாகக் குழு வந்ததும் பணம் பொதுக்கணக்கில் கலந்து கட்டட வேலைக்குப் போய்விடும்.

நாமினி விஷயத்தில் குழப்பம் வேண்டாம். வங்கி நாமினி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனால் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. உயிலில் யாருக்கு எழுதியிருக்கிறதோ அவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். மகள் தன் கணக்கில் வந்த தொகையை ஆர்டிஜிஎஸ் மூலம் நேரே அறக்கட்டளைக் கணக்குக்கு அனுப்பி, உயிலின்படி அனுப்பியதாக ஒரு கடிதமும் கொடுத்தால் முடிந்தது.

டெல்டா மாவட்டங்களில் உள்ள சொத்துக்கு இந்து ஒருவர் எழுதிய உயிலுக்குப் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை. ஆனால் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரின் முகவரியையும் இப்போதே வாங்கிக் கோப்பில் வையுங்கள். நாளை வேறொரு உறவினர் வழக்குப் போட்டால், அந்த இருவரில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான்.

ஆடிட்_தஞ்சை:
வக்கீல் சார் சொன்ன கடிதத்தில் "இத்தொகை மூலநிதிக்கு" என்ற சொல்லையும் சேருங்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் நிதிதான் மூலநிதி. அப்படி எழுத்தில் குறித்த தொகைக்கு வருமான வரியில் கணக்கே வேறு. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு தேசிய வங்கியில் தனி வைப்பு, அறக்கட்டளை பெயரில், "நினைவு நூலக நிதி" என்ற தலைப்போடு. கூட ஒரு சதம் வட்டி தருகிறார்கள் என்று தனியார் நிதி நிறுவனத்தில் போட வேண்டாம். அறக்கட்டளைப் பணத்தை எங்கெங்கே முதலீடு செய்யலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது; அதற்கு வெளியே போட்டால் வரிவிலக்குக்கே ஆபத்து.

உதாரணமாக 6.5 சதம் வட்டி என்று வையுங்கள்: 15 லட்சத்துக்கு வருஷம் 97,500 ரூபாய். அத்தனையையும் செலவழித்தால் பத்து வருஷத்தில் விலைவாசி அந்த நிதியைத் தின்றுவிடும். கால் பங்கை, அதாவது சுமார் 24,400 ரூபாயை, மூலதனத்தோடு சேர்த்துவிட்டு மீதி 73,000-ஐ மட்டும் செலவுக்கு எடுங்கள். "வரிவிலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85 சதம் செலவாக வேண்டுமே" என்று யாராவது கேட்பார்கள். அது அறக்கட்டளையின் மொத்த வருமானத்துக்கான கணக்கு, இந்த ஒரு நிதிக்குத் தனியாகப் பார்ப்பதில்லை.

அறைக்கு ரேக், மின்விசிறி, பெயர்ப்பலகை எல்லாம் மூலநிதியிலிருந்து எடுக்கக் கூடாது. நிர்வாகமோ பழைய மாணவர்களோ தனியாகக் கொடுக்கட்டும்.

அடுக்கு_நாகை (நூலகர்):
அறை பற்றி. வகுப்பறைத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 300 கிலோ தாங்குமாறும், புத்தக அடுக்கறைத் தளத்தை 600 கிலோ தாங்குமாறும் வடிவமைப்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே வகுப்பறையில் வரிசை வரிசையாக ரேக் போடுவது தவறு. பொறியாளரை வரவழைத்து உத்தரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ரேக்குகளைச் சுவரோரமாக மட்டும் நிறுத்தி, நடுவில் வாசிப்பு மேசை போடுங்கள். 3 அடி அகல ரேக்கில் ஒரு தட்டுக்கு 30 புத்தகம், ஆறு தட்டு, ஆக 180. உங்கள் அறையின் சுற்றளவில் கதவு, ஜன்னல் போக 16 ரேக் நிற்கும். 2,880 புத்தகத்துக்கு மேல் இடமில்லை. கொஞ்சம் இடமும் காலியாக விட வேண்டும். எனவே 2,200, 2,300 புத்தகம்தான் கணக்கு.

ரேக்கின் முதுகு சுவரில் ஒட்டக் கூடாது, அரை அடி தள்ளி இருக்கட்டும். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரம். சுவரில் ஏறும் ஈரம் முதலில் பிடிப்பது பின்வரிசைப் புத்தகங்களின் விளிம்பைத்தான். கண்ணாடிக் கதவுள்ள தேக்கு பீரோ பார்க்க அழகு, ஆனால் காற்றே புகாது. காற்றில் ஈரப்பதம் 65 சதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்கு வசதி. இங்கே கார்த்திகையில் 80-க்கும் மேல் போகும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறை நடுவில் மாட்டுங்கள். 300 வாட் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நாளுக்கு 12 மணி நேரம், 120 நாள் ஓடினால் சுமார் 430 யூனிட். வட்டிப் பணத்தில் தாராளமாகக் கட்டலாம்.

மொட்டைமாடித் தளத்தில் விரிசலும் அடைத்த வடிகுழாயும் இருக்கிறதா என்று பாருங்கள். கரையானுக்குத் தரையும் சுவரும் சேரும் மூலையில் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும். மாடியில் அறை இருந்தாலும் கீழ்த்தளத்தில்தான் செய்ய வேண்டும், அது மண்ணிலிருந்துதான் ஏறும்.

ஐப்பசிக்கு முன் கொண்டுவர வேண்டாம். வேலை முடிக்காமல் பெட்டி பெட்டியாக இறக்கினால் மழைக்காலம் முழுக்கப் பெட்டியிலேயே இருக்கும். தை பிறந்து வெயில் ஏறியதும் மாற்றுங்கள். அதுவரை அவர் வீட்டிலேயே பட்டியல் எடுக்கலாம்.

மன்னைப்பக்கம்_நூலகம்:
நன்றி சார். 3,200-இல் ஆயிரம் போல எங்களிடம் ஏற்கெனவே உள்ள பாடநூல்கள், பழைய மாத இதழ்கள். கழிக்கலாமா? குடும்பம் வருத்தப்படுமே?

அடுக்கு_நாகை (நூலகர்):
உயிலில் "முழுவதும் சேர வேண்டும்" என்று இருக்கிறது. "அப்படியே வைத்திரு" என்று இல்லை. இருந்தாலும் நிறைவேற்றுநரிடம் ஓர் ஒப்புதல் வாங்குங்கள்: இரட்டைப் பிரதிகளையும் சிதைந்தவற்றையும் வேறு நூலகத்துக்குக் கொடுக்கவோ கழிக்கவோ கல்லூரிக்கு உரிமை உண்டு என்று. வரவுப் பதிவேட்டில் ஏற்றும் முன் பிரியுங்கள். எண் போட்டபின் கழிப்பதற்கு இருப்புச் சரிபார்ப்பு, குழுத் தீர்மானம் என்று நடையாய் நடக்க வேண்டும். இரட்டைப் பிரதி என்று முடிவு செய்யும் முன் ஒவ்வொன்றையும் புரட்டுங்கள். ஓரத்தில் அவர் பென்சிலில் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் சொற்கள்) குறித்திருந்தால் அது வைத்துக்கொள்ள வேண்டிய பிரதி. உங்களிடமுள்ள சுத்தமான பிரதியைக் கழியுங்கள்.

நூலகப் பட்டியலுக்கு நீங்கள் பயன்படுத்துவது கோஹா மென்பொருள் என்றால் 952-ஆம் புலத்தில் துணைப்புலம் 8-இல் தொகுப்புக் குறியீடு, e-இல் நன்கொடையாளர் பெயர். இப்படிப் போட்டால், புத்தகம் எந்த ரேக்கில் இருந்தாலும் அவர் தொகுப்பு முழுவதையும் ஒரே தேடலில் எடுக்கலாம். எல்லாவற்றையும் நினைவு அறைக்குள் பூட்டி வைக்கத் தேவையே இல்லை. மாணவர் அதிகம் கேட்கும் உரைநூல்கள் பொது அடுக்குக்குப் போகட்டும், உள்ளட்டையில் அவர் பெயர்ச்சீட்டோடு. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. அவரும் தம் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவிக்குக் கொடுத்தவர்தான். மனைவி சாரதாவின் பெயரும் அதில் சேர்ந்து நிற்கிறது.

சுவடிப்பிரியை:
ஏட்டுக்கட்டை நீங்களே பிரிக்க வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, சரசுவதி மகால் நூலகமும் பக்கம்தான். அவர்களைக் கேட்டு எண்ணெய் இட்டு, படமெடுத்தபின் வையுங்கள். கட்டும் கயிற்றை இறுக்கினால் ஓலையின் துளை கிழியும்.

கடிதங்களில் கவனம். அவருக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, பதிப்புரிமை எழுதியவருடையது. எழுதியவர் இறந்தபின் அது அவர் வாரிசுக்கு; அவர் வாழ்நாளில் அச்சேறாத கடிதமானால், முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டுவரை. ஆனால் பேராசிரியரின் அச்சேறாத சொந்தக் கையெழுத்துப் படிகள் உயில் மூலம் வந்திருந்தால், உயிலில் மாறாக எழுதியிருந்தாலொழிய, பதிப்புரிமையும் சேர்ந்தே வரும். நாட்குறிப்புகளை எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்று மகளிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நினைவு நாளில் படத்துக்குப் பூமாலை போட்டால் அன்று சாயங்காலமே கழற்றிவிடுங்கள், எறும்பும் ஈரமும் சேரும். குத்துவிளக்கு வராந்தாவோடு நிற்கட்டும்.

இராமபாணப் பூச்சி அரித்த புத்தகங்களை அறைக்குள் விடும் முன் பாலித்தீன் உறையில் காற்றை அழுத்தி எடுத்து, ஒட்டி, விலங்கியல் துறையின் உறைகுளிர் பெட்டியில் −20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க உறையோடு விட்டால் வியர்வை உறைக்கு வெளியே படியும். அதைத் துடைத்துவிட்டுப் பிரிக்கலாம். ஏட்டுச்சுவடிக்கும் புகைப்படங்களுக்கும் இந்த முறை கூடாது.