மியூசியமா, ஆற்றங்கரையா? போய் வந்தவர்களின் அனுபவம்

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அறிவியல் மியூசியத்துக்குப் போவதா, ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போவதா என்று குழம்புகிறவர்களுக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். அங்கே டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல் மியூசியம் இருப்பதே இசார் ஆற்றின் நடுவில் உள்ள ஒரு தீவில்தான். ஜூன் மாத வெயில். என் மகளுக்கு உடனே தண்ணீரில் கால் வைக்க வேண்டும். அப்பா காலமெல்லாம் பட்டறையில் வேலை பார்த்தவர். இவ்வளவு தூரம் வந்து இயந்திரங்களைப் பார்க்காமல் போவதா என்றார்.

நேரத்தை வைத்து முடிவு செய்தோம். மியூசியம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். ஜூனில் அந்த ஊரில் சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டும். அதனால் முதலில் உள்ளே, அப்புறம் ஆறு.

முழு மியூசியத்தையும் பார்க்க நினைக்கவே இல்லை. இரண்டே பிரிவுகள். பழைய விமானங்கள் இருக்கும் கூடத்தில் விமானம் வருவதற்கு முன்பே பறந்து பார்த்த ஓட்டோ லிலியன்தாலின் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாமல் பறக்கும் கருவி, இருக்கிறது. மரக் குச்சிகளும் துணியும்தான். அப்படிப்பட்ட ஒன்றில் பறந்து விழுந்துதான் 1896-இல் அவர் இறந்தார். அப்பா அதன் ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து குனிந்து பார்த்தார். இரண்டாவது, பாலங்களும் நீர்க்கட்டுமானமும் (அணை, ஆற்றுக்கரை போன்றவை). கூடத்துக்கு உள்ளேயே ஆள் நடக்கக்கூடிய ஒரு பாலம்; நடந்தால் லேசாக ஆடும். மகள் அதில் எத்தனை முறை போய் வந்தாள் என்று கணக்கே இல்லை.

பிறகு வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபோது, அது வேறு ஆறாகத் தெரிந்தது. இசாரை ஒரு காலத்தில் நேராக்கிக் கரை கட்டி அடக்கி வைத்திருந்தார்கள். 2000 முதல் 2011 வரை சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் கட்டுகளைத் தளர்த்தி, ஆற்றை அகலப்படுத்தினார்கள். வெள்ளம் பரவ இடம் கிடைத்தது, கூழாங்கல் திட்டுகள் திரும்ப வந்தன. உள்ளே நீர்க்கட்டுமானப் பிரிவைப் பார்த்த கையோடு அந்தத் திட்டில் நின்றதால்தான், இது மனிதர் யோசித்து விட்டுக்கொடுத்த கரை என்பது என் மகளுக்கே புரிந்தது. வரிசையை மாற்றியிருந்தால் அவளுக்கு அது வெறும் கல்லும் தண்ணீரும்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் இருந்தால் மியூசியம் முதலில் என்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

* * *

மேலே எழுதிய சகோதரி சொன்னது அமெரிக்காவின் பாஸ்டனுக்கும் பொருந்தும். அங்கே அறிவியல் மியூசியம் சார்ல்ஸ் ஆற்றின் அணை மேலேயே நிற்கிறது. 1910-இல் அந்த அணை வருவதற்கு முன்பு கடல் மட்டம் இறங்கும்போதெல்லாம் அங்கே சேறு வெளியே தெரியுமாம். இன்று மக்கள் நடக்கும் அழகான கரைப்பூங்கா அணை தேக்கிய நீரை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆனால் குழந்தையோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ராபர்ட் வான் டி கிராஃப் என்ற இயற்பியலாளர் 1930-களில் உருவாக்கிய பிரம்மாண்டமான ஜெனரேட்டரில் மின்னல் காட்டுவார்கள். இயக்குபவர் கம்பிக் கூண்டுக்குள் இருப்பார், மின்னல் கூண்டின் மேல் பாய்ந்தும் அவருக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு மெய்சிலிர்த்தது. என் நான்கு வயது மகன் சத்தத்துக்குப் பயந்து அழுதுவிட்டான். உடனே வெளியே தூக்கிக்கொண்டு போனேன். ஆற்றோரம் படகுகளைப் பார்த்ததும் அடங்கினான். அவனுக்கு அன்றைக்கு ஆறுதான் சரி. இந்த மாதிரிக் காட்சிகளுக்குக் குறிப்பிட்ட நேரம் உண்டு, போனதும் அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

* * *

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அரை நாள்தான் என்றால் ஆற்றங்கரைக்கே போங்கள். முட்டிவலி உள்ள அம்மாவோடு போனவன் நான். மியூசியத்தில் நின்று நின்று பார்ப்பது அவருக்கு நடப்பதைவிடக் கஷ்டம். கரையில் நினைத்த இடத்தில் உட்காரலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம். இசார் மாதிரி மலையிலிருந்து வரும் ஆறு என்றால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை பிறகு வந்து சேரும். தண்ணீர் கலங்கி வேகமாக ஓடினால் கூழாங்கல் திட்டில் இறங்க வேண்டாம். அன்றைக்கு மியூசியத்துக்குப் போங்கள்.