ஜவுளிக்கடையில் குளிரும் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும்: மின்கட்டணம் ஏறாமல் செய்ய வழி உண்டா?

கேள்வி: ஜவுளி வணிகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அனைவருக்கும் வணக்கம். தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளுமாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. என் தந்தையார் கட்டியபோது ஒவ்வொரு தளத்திலும் கூரையை ஒட்டிச் சிறு காற்றுத் துளைகளும், பின்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன்களும் வைத்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பிளிட் ஏசி பொருத்தியபோது, குளிர் வெளியே போய்விடும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதைக் கேட்டு அத்தனை துளைகளையும் அடைத்துப் பூசிவிட்டோம்.

அன்று தொடங்கிய சிரமம் இன்றுவரை தீரவில்லை. மாலை நான்கு மணியானால் இரண்டாம் மாடியில் புடவை எடுத்துக் காட்டும் பெண்களுக்குத் தலைவலி வருகிறது. புதிய பேல் பிரித்தால் அந்தக் கஞ்சி வாடை இரவு கடை சாத்தும்வரை நிற்கிறது. என் தம்பி கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வந்து வைத்துப் பார்த்தான். காலையில் கடை திறக்கும்போது பத்து லட்சத்தில் 430 பங்கு என்று காட்டியது, சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குச் சுமார் 120 பேர் இருந்த நேரத்தில் 2100 என்று காட்டியது. புழுக்கமாக இருப்பதாக வாடிக்கையாளர்கள் சொல்லும்போதெல்லாம் ஏசியை 18 டிகிரிக்கு இறக்குகிறோம். கட்டணம் ஏறுகிறதே தவிரப் புழுக்கம் குறையவில்லை. சன்னலைத் திறந்தால் அனலும் தெருப்புழுதியும் துணிமேல் வந்து படிகின்றன. காற்றும் மாற வேண்டும், மின்சாரமும் மிச்சமாக வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: குளிரூட்டல் பொறியாளர், ஃபேர்லண்ட்ஸ், சேலம்

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. ஆகவே 18 டிகிரியில் வைத்தாலும் அதே பழைய மூச்சுக்காற்றுதான் சில்லென்று சுற்றிவரும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. மக்கள் கூடும் அறையில் அது 1000, 1100 என்ற அளவோடு நின்றால் காற்று ஓரளவு நன்றாக மாறுகிறது என்று கொள்ளலாம். தங்கள் கடையின் 2100 என்ற எண், அடைத்த துளைகளைத்தான் சுட்டிக்காட்டுகிறது.

ஆளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடி புதுக்காற்று என்று வைத்துக்கொண்டால், 120 பேருக்கு 1800 கன அடி ஆகிறது. வெளியே 38 டிகிரி வெயிலும் வறண்ட காற்றுமாக இருக்கும் சித்திரை நாளில் இவ்வளவு காற்றை 26 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றரை டன் குளிரூட்டும் திறன் தேவைப்படும். ஐப்பசி அடைமழையின்போது வெளியே 28 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். அந்தக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்க மட்டுமே சுமார் 7 டன் தேவைப்படுவதால், மொத்தச் சுமை ஏழரை டன் அளவுக்குப் போய்விடும். வெயில் காலம்தான் ஏசிக்குக் கடினமான காலம் என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். புதுக்காற்றைப் பொறுத்தவரை மழைக்காலம்தான் கடினம். தீபாவளிக் கூட்டமும் சரியாக அதே மாதத்தில் வருகிறது என்பதைத் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் தொழிலில் இ.ஆர்.வி. (எனர்ஜி ரெகவரி வென்டிலேட்டர்) என்று நாங்கள் சொல்லும் கருவி இருக்கிறது. வெளியேறும் குளிர்ந்த பழைய காற்றும் உள்ளே வரும் புதுக்காற்றும், மெல்லிய காகிதம் போன்ற தடுப்பின் இரு பக்கங்களிலும் ஒன்றோடொன்று கலக்காமல் கடந்து செல்லும். வெப்பமும் ஈரமும் மட்டும் தடுப்பின் வழியே இடம் மாறும். 70 சதவீதம் மீட்கும் கருவியாக இருந்தால், மேலே சொன்ன மூன்றரை டன் ஏறத்தாழ ஒரு டன்னாகவும், ஏழரை டன் இரண்டேகால் டன்னாகவும் குறையும். அதன் விசிறியைக் கரியமில வாயு உணரியோடு இணைத்துவிட்டால், ஆள் குறைந்த முற்பகலில் வேகம் தானாகக் குறையும். விசிறியின் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தாலே அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கழிப்பறையிலிருந்து வெளியேறும் காற்றை மட்டும் இந்தக் கருவி வழியாக விடக் கூடாது. அதற்குத் தனி ஃபேன் வேண்டும்.

ஆனால் கருவி வாங்குவதற்கு முன் கடைக்குள் உண்டாகும் வெப்பத்தைக் குறையுங்கள். துணி மின்னுவதற்காகப் பொருத்திய 50 வாட் ஹாலஜன் விளக்குகள் 80 இருந்தால் 4 கிலோவாட் ஆகிறது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே மாறுவதால், ஒரு டன்னுக்கும் அதிகமான குளிர் அவற்றை ஆற்றுவதற்கே போய்விடும். 7 வாட் எல்.இ.டி. மாற்றினால் விளக்குக்கும் ஏசிக்கும் ஆக இரண்டு பக்கமும் மிச்சம். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளைத் தட்டோடோ போட்டால் இரண்டாம் மாடியின் சூடு கண்கூடாகக் குறையும். மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று வகுத்தது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பதும் அதன் கணக்குதான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகளை மெதுவாக ஓடவிட்டு ஏசியை 26இல் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஏசிகளின் வெளி யூனிட்டுகள் எங்கே இருக்கின்றன என்றும் தெரிவியுங்கள். நம் ஊர்க் கடைகளில் அவற்றைப் பின்பக்கச் சந்தில் எதிரெதிராக அடுக்கிவிடுகிறார்கள். ஒன்று விடும் அனலை மற்றொன்று இழுத்துக்கொண்டு, இரண்டுமே மூச்சு வாங்கும்.

மறுமொழி 2: திருமண மண்டப நிர்வாகி, கன்னங்குறிச்சி

பொறியாளர் சொன்னதற்கு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் மண்டபத்தில் இதே புழுக்கத்துக்கு, செலவு குறைவு என்று கருதி, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் நான்கை மட்டும் பொருத்தினோம். காற்று உள்ளே வருவதற்கு வழி எதையும் அமைக்கவில்லை. ஃபேன் ஓடத் தொடங்கியதும் முன்கதவு தானாகவே உள்நோக்கி இழுத்துக்கொண்டது. சமையற்கட்டின் தாளிப்புப் புகை பந்தி நடக்கும் கூடத்துக்கு வந்தது, கழிப்பறை வாடையும் கூடவே வந்தது. வெளியே தள்ளிய அளவு காற்று எந்த வழியாகவேனும் உள்ளே வந்தே தீரும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். வழியை நாம் அமைக்காவிட்டால் அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும், வடிகட்டியும் இருக்காது. பிறகு வடிகட்டியுடன் உள்ளே தள்ளும் விசிறியைப் பொருத்தி, வெளியேறுவதைவிடச் சற்று அதிகமான காற்று உள்ளே வரும்படி அமைத்தோம். இப்போது கதவைத் திறந்தால் காற்று வெளியே வீசுகிறது, தெருப்புழுதி உள்ளே நுழைவதில்லை. தங்கள் துணிகளுக்கு இந்த ஒன்று மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் நம் ஊர் வெளிக்காற்று நல்ல குளிராக இருக்கிறது. ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை விசிறியை மட்டும் ஓட்டிக் கூடத்தைக் குளிரவிட்டால், பகல் பதினொரு மணிவரை எங்களுக்கு ஏசியே தேவைப்படுவதில்லை. சுவரும் தளமும் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

மறுமொழி 3: தங்கும் விடுதி மேலாளர், ஒண்டிக்கடை, ஏற்காடு

மலைமேல் எங்கள் சிக்கல் தலைகீழானது என்றாலும் அடிப்படை ஒன்றுதான். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் குளிர் நுழையாமல் இருக்க அறைகளின் இடுக்குகளையெல்லாம் அடைத்து வைத்தோம். மூன்றே மாதத்தில் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தபோது பின்னால் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. காலையில் சன்னல் கண்ணாடியில் நீர் கோடு கோடாக வழிந்து சட்டத்தின் மரத்தை ஊறவைத்திருந்தது. விருந்தினரின் மூச்சும் குளியலறை ஆவியும் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்ததுதான் காரணம். இப்போது சன்னலுக்கு மேலே சிறிய காற்றுத் துளைகளைத் திறந்து வைத்திருக்கிறோம். குளியலறை ஃபேன் ஈரம் கூடினால் தானே ஓடுகிறது. சுருள் கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்; அதை நீக்கி, குளிரையும் வெப்பத்தையும் தரும் இருவழி ஏசியைப் பொருத்தியபின் அதே மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் கிடைக்கிறது.

விடுதி நடத்துபவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: மூடிய அறைக்குள் கரி அடுப்பை யாரும் வைக்க அனுமதிக்காதீர்கள், கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக் கணக்கில் தேர்ந்தெடுத்த விசிறி அதே கன அடியைத் தள்ளினாலும், அது சுமக்கும் வெப்பம் குறைவாகவே இருக்கும்.

கேள்வி கேட்டவர்

பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. பொறியாளர் கேட்டபடி பின்பக்கம் சென்று பார்த்தேன். நான்கடி அகலச் சந்தில் எட்டு யூனிட்டுகள், நான்கும் நான்குமாக எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் நின்றபோது முகத்தில் அனல் அடித்தது. தெர்மாமீட்டரைப் பிடித்தால் தெருவைவிட ஏழு டிகிரி அதிகம். அவற்றை மொட்டை மாடிக்கு ஏற்றவும், விளக்குகளை மாற்றவும், வெள்ளைப் பூச்சு அடிக்கவும் இந்த மாதமே ஏற்பாடு செய்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்துக்கு முன் இரண்டாம் மாடிக்கு இ.ஆர்.வி. பொருத்த விரும்புகிறேன். புதுக்காற்றை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது?

மறுமொழி 4: குளிரூட்டல் பொறியாளர், ஃபேர்லண்ட்ஸ்

தெருப்பக்கம் தரைமட்டத்தில் எடுக்க வேண்டாம், வண்டிப்புகை வரும். இரண்டாம் மாடி உயரத்தில், முடிந்தால் வெயில் குறைந்த வடக்குச் சுவரில் எடுங்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய், கழிப்பறையின் காற்றுக்குழாய், தாங்கள் மாடிக்கு ஏற்றப்போகும் ஏசி யூனிட்டுகள் ஆகிய மூன்றும் அந்த இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பழைய காற்று வெளியேறும் வாயையும் வேறு பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் விட்ட காற்றையே மீண்டும் இழுக்கும். வாயில் பறவை நுழையாத வலையும், அதற்குப் பின் கழுவக்கூடிய வடிகட்டியும் வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் புழுதிக்கு அதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டியிருக்கும். கரியமில வாயு உணரியை ஏசி வீசும் இடத்திலோ கல்லாவில் அமர்பவரின் முகத்தருகிலோ வைக்காமல், புடவைப் பிரிவின் நடுத்தூணில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில் பொருத்துங்கள். வேலை முடிந்தபின் ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அது காட்டும் எண்ணை இங்கே எழுதுங்கள்.