மறு: ஃபைப்ரோசிஸ் – நாரேற்றம்?

> ஃபைப்ரோசிசுக்கு, அதாவது உறுப்பில் நார் படிவதற்கு, 'இழைநார் வளர்ச்சி' புழக்கத்தில் இருக்கிறதே, 'நாரேற்றம்' என்ற புதுச்சொல் எதற்கு?

அந்தச் சொல்லைச் சிர்ரோசிசுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஐயா. சிக்கலே அதுதான். ஈரலில் நார் படிவதை எஃப்0 முதல் எஃப்4 வரை தரம் பிரிக்கிறோம்; முற்றிய நிலையான எஃப்4 மட்டுமே சிர்ரோசிஸ். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெட்டிரோம் மருந்து எஃப்2, எஃப்3 நிலையில் இருக்கும் கொழுப்பு ஈரல் அழற்சிக்காரர்களுக்குத்தான், சிர்ரோசிஸ் வந்தவர்களுக்கு அல்ல. நோயாளிக்குத் தரும் தாளில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், மருந்து தனக்கா இல்லையா என்றே அவருக்குப் புரியாது.

எனவே ஃபைப்ரோசிஸ் நாரேற்றம். சிர்ரோசிசுக்குச் சிலர் எழுதும் 'கரணைநோய்' போதும், ஈரல் முடிச்சு முடிச்சாவதை அது சொல்லிவிடுகிறது. ஹெபடைடிஸ் சி வைரசை ஒழித்தபின் பலருக்கு நார் குறைகிறதே, அது நாரிறக்கம்.

> ஏற்றம் என்றால் நல்ல பொருள் வராதா?

விலையேற்றம் நல்லதா!

> தழும்பேற்றம்?

தழும்பு ஆறிய புண். இங்கே புண் ஆறாமலே நார் படிகிறது.

> நாரைச் சுரக்கும் மையோஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குத் 'தசைநார்ச் செல்' போடலாமா, டாக்டர்?

வேண்டவே வேண்டாம். தசைநார் தசையை எலும்போடு கட்டுவது. நடப்பது வேறு: ஈரல் செல்லுக்கும் சைனுசாய்டு என்னும் நுண்ணிரத்தக் குழாயின் சுவருக்கும் நடுவே, டிஸ் இடைவெளியில், விண்மீன் செல் (ஸ்டெல்லேட் செல்) வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்துவைத்துச் சும்மா கிடக்கும். ஈரல் அடிபட்டு டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதம் சுரந்ததும் அது துளிகளை இழந்து, மையோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி, 1, 3 வகைக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் கொட்டத் தொடங்கும். கூடவே டிம்ப்-1 என்னும் புரதத்தைச் சுரந்து, கொலாஜனை வெட்டும் நொதிகளையும் முடக்கிவிடும். தசைபோலச் சுருங்கவும் செய்வதால் ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். ஆகவே 'சுருங்குநார்ச் செல்'.

ஒன்று கவனியுங்கள். எலிகளில் ஈரலுக்குக் காயம் தருவதை நிறுத்தினால் இவற்றில் ஏறக்குறைய பாதி சாகாமல் அடங்கிவிடுகின்றன. ஆனால் மறுபடி அடிபட்டால் முன்னைவிடச் சீக்கிரம் கிளம்புகின்றன. அவற்றை, அடிபடுமுன் சும்மா கிடந்த பழைய 'உறங்குநிலை'யில் சேர்க்கக் கூடாது, 'தணிந்த செல்' எனலாம்.

> ரீஜெனரேஷன் (இழந்த ஈரல் மீண்டும் வளர்வது): மீள்முளைப்பு?

வெட்டிய மடல் முளைப்பதில்லை. எலி ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாலும், மிஞ்சிய மடல்கள் பருத்து ஒரு வாரம் பத்து நாளில் பழைய எடையை எட்டுகின்றன. 'மீள்பெருக்கம்' என்று வையுங்கள். ஸ்டெம் செல்லுக்குக் 'குருத்தணு' இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம்.