கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல

திருப்பூரிலிருந்து:

என் மகளுக்கு 14 வயதில் பின்கழுத்து கறுக்கத் தொடங்கியது. வெயில் என்று நினைத்தோம். அம்மிச்சி ஞாயிறுதோறும் கடலைமாவில் கஸ்தூரி மஞ்சள் குழைத்துத் தேய்த்துவிடுவார். நானோ பீர்க்கம் நாரால் தோல் சிவக்கத் தேய்த்திருக்கிறேன். "ஒழுங்காகக் குளிக்க மாட்டாயா?" என்று ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் திட்டியும்விட்டேன். அன்றிலிருந்து துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போடாமல் அவள் வெளியே வந்ததே இல்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

16 வயதில் மாதவிலக்கு மூன்று, நான்கு மாதம் தள்ளிப்போனது. மோவாயில் முடி வேறு. அதற்காகப் போனால், மருத்துவர் முதலில் பார்த்தது கழுத்தைத்தான். வெல்வெட் போலத் தடித்திருந்த தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்குச் சர்க்கரை?" என்று கேட்டார். எனக்குத்தான், 9 ஆண்டுகளாக.

அதன் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் தோலைத் தடிக்க வைக்கிறது. சினைப்பையில் ஆண் ஹார்மோனையும் கூட்டிவிடுகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 98தான். அதோடு திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை என்றே இருந்திருப்போம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 5.9 வந்தது. 6.5 என்றால் சர்க்கரை நோய், 5.7 தொட்டாலே எல்லைக்கோடு. தைராய்டு சரியாக இருந்தது.

தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை இப்போது மாதம் ஒருமுறைதான். ராகிக் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நம் பக்கம் உறுதியாக நம்புகிறார்கள். அதுவும் மாவுச்சத்துதான், இரண்டு உருண்டைக்குப் பிறகு என் மீட்டர் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் இருவரும் 45 நிமிடம் நடக்கிறோம். 10 மாதத்தில் அவள் 6 கிலோ குறைந்தாள். மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. கழுத்து மெல்லத் தெளிகிறது. தயவுசெய்து பிள்ளைகளின் கழுத்தைத் தேய்க்காதீர்கள்.

சென்னிமலையிலிருந்து:

அக்கா, நான் குழித்தறி நெசவாளி. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. முன்னங்காலில் காசு அளவுக்குப் பழுப்புத் திட்டுகள் வந்தன. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. சர்க்கரையால் வருவது என்று தெரியாமல், கொசுக்கடித் தழும்பு என்று விட்டுவிட்டேன். விரல் இடுக்கில் சேற்றுப்புண் அடிக்கடி வரும்.

ஒரு நாள் தறியிலிருந்து எழுந்தபோது மிதிகட்டையில் ரத்தம். பார்த்தது என் மனைவிதான். சிராய் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடங்களில் தொட்டார். நான்கை மட்டுமே உணர்ந்தேன். அறுந்த இழையை இருட்டிலும் விரலால் கண்டுபிடிப்பவன் நான்.

புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறேன். எண்ணெய் குதிகாலுக்கு மட்டும். மலைக்கோயில் படிகளை வெறுங்காலுடன் ஏறுவதையும் நிறுத்திவிட்டேன். முருகன் பொறுத்துக்கொள்வார்.

திருப்பூரிலிருந்து:

தம்பி, மகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் காலை நான் பார்த்ததே இல்லை. நேற்று இரவு அவள் டார்ச் பிடித்துப் பார்த்தாள். குதிகால் வெடிப்பில் காய்ந்த ரத்தம் இருக்கிறதாம். திங்கட்கிழமை அந்த இழைச் சோதனைக்குப் போகிறோம்.