கலைச்சொல்: ‘வரி உயர்வு நிதி’யா, ‘வரிப்பெருக்கு நிதியிடல்’ஆ?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு வட்டாரத்தின் சொத்து மதிப்பு வளர்வதால் கூடுதலாக வரும் சொத்துவரியை அவ்வட்டாரத்திற்கென்றே ஒதுக்கும் முறை அமெரிக்காவில் ‘டாக்ஸ் இன்கிரிமென்ட் ஃபைனான்சிங்’ எனப்படுகிறது. அதற்கு நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘வரி உயர்வு நிதி’ எனக்கு உடன்பாடில்லை. ‘வரி உயர்வு’ என்றதும் நம் வாசகர் அரசு வரிவீதத்தைக் கூட்டியதாகவே கொள்வார். இங்கு உயர்வது சொத்தின் மதிப்பு.

சிகாகோவை எடுத்துக்கொள்வோம். 1977இன் இல்லினாய் சட்டப்படி நகரம் ஒரு வட்டாரத்தை வரையறுத்ததும், அங்குள்ள சொத்துகளின் அன்றைய வரிமதிப்பு (வரி கணக்கிட எடுத்துக்கொள்ளும் மதிப்பு) மாறாத அடிமதிப்பாக நிலைநிறுத்தப்படுகிறது. அது ஒரு கோடி டாலர் என்றும், பின்னாளில் மூன்று கோடியாக வளர்ந்தது என்றும் வைத்துக்கொண்டால், முதல் ஒரு கோடிக்கான வரி வழக்கம்போல் பள்ளிகள், பூங்காக்கள், நகராட்சி முதலியவற்றுக்குப் பிரிகிறது. எஞ்சிய இரண்டு கோடிக்கான வரி முழுவதும் அவ்வட்டாரத்திற்கான தனி நிதிக்குப் போகிறது. இந்த ஏற்பாடு பொதுவாக 23 ஆண்டுகள் நீடிக்கும்.

ஆடிப்பெருக்கில் ஆற்றுநீர் தானே உயர்வதுபோல், வழக்கமான மட்டத்துக்கு மேல் வரும் வரவை மட்டும் வேறு வாய்க்காலில் திருப்புவதே இம்முறை என்பதால், ‘வரிப்பெருக்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘வளர்வரி’ என்று வினைத்தொகையாக ஆக்கலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது (ஓசையும் நன்றாகத்தான் இருக்கிறது). ஆனால் வருமானம் கூடக்கூட வீதமும் கூடும் வரியைப் பொருளியல் பாடநூல்கள் ‘வளர்வீத வரி’ என்பதால், குழப்பம் உறுதி. ‘மிகைவரி’யோ கூடுதலாக விதிக்கப்படும் தனி வரியை நினைவூட்டும்.

இந்த நிதி பள்ளிகளுக்குச் செல்வதைப் பற்றி எழுதும்போது இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 2006இல் மேயர் ரிச்சர்ட் எம். டேலி அறிவித்த, ஏறத்தாழ நூறு கோடி டாலர் மதிப்பிலான பள்ளிக் கட்டுமானத் திட்டத்திற்கு, நகரின் பங்கு பெரும்பாலும் இந்த வட்டார நிதிகளிலிருந்தே வந்தது. நகராட்சிக்கும் கல்வி வாரியத்துக்கும் இடையிலான ஒப்பந்தங்கள் வழியாகப் புதிய பள்ளிகள் எழுந்தன. இதுவே வரிப்பெருக்கை நேரடியாகக் கட்டடத்துக்குச் செலவிடுதல். வட்டார நிதியில் தேவைக்கு மேல் தேங்கும் பணத்தை நகரம் விடுவித்து, வரி பெறும் அமைப்புகளுக்கு அவற்றின் பங்கின்படி திருப்பித் தருவது வேறு. அதில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்கே சேர்கிறது. முன்னதைப் ‘பெருக்கு’ என்றும் பின்னதை ‘உபரி’ என்றும் பிரித்தால்தான், எந்தப் பணம் எந்த வழியில் பள்ளிக்கு வந்தது என்பது வாசகருக்கு விளங்கும். ‘மிகை’ என்ற சொல்லை இரண்டுக்கும் ஆண்டால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

‘ஃபைனான்சிங்’ என்பதை ‘நிதி உதவி’ என்று மொழிபெயர்ப்பதும் தவறு. அடிமதிப்பு அப்படி நிலைநிறுத்தப்படாமல் இருந்திருந்தால், வளர்ந்த மதிப்பின் மீதான வரியில் பள்ளிகளுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும். அதை உதவி என்பது சொல்லாலேயே ஒரு பக்கம் சாய்வதாகும். வரவைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிடுவதையும் உள்ளடக்க வேண்டும் என்பதால், இலங்கைத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் ‘நிதியிடல்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆகவே ‘வரிப்பெருக்கு நிதியிடல்’, ‘வரிப்பெருக்கு வட்டாரம்’, ‘அடிமதிப்பு’, ‘உபரி’ ஆகிய நான்கையும் ஒரு தொகுதியாகப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன். ‘வட்டாரம்’ மட்டும் எனக்கே முழு நிறைவு தரவில்லை. ஆங்கிலத்தில் உள்ள ‘டிஸ்ட்ரிக்ட்’ என்பதற்கு நேராக ‘மாவட்டம்’ என்றாலோ ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது.